கடன் எந்தப் பக்கம் நிற்கிறது?

1834 அக்டோபர் 16ஆம் தேதி மாலை லண்டன் நாடாளுமன்றக் கட்டடம் தீப்பிடித்தது. சதி ஏதும் இல்லை. பிரபுக்கள் சபைக்கு அடியில் இருந்த உலைகளில் அன்று காலையிலிருந்தே வேலையாட்கள் பழைய மரக்குச்சிகளை வண்டிக்கணக்கில் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். புகைபோக்கிகள் தாங்கவில்லை. விடிவதற்குள் இரண்டு சபைகளும் போய்விட்டன. இங்கிலாந்துக் கருவூலம் பல நூற்றாண்டுகளாக வைத்திருந்த கணக்கேடுகள்தாம் அந்தக் குச்சிகள்.

அவற்றுக்கு டேலி என்று பெயர். ஹேசல் மரக்குச்சி ஒன்றை எடுத்துத் தொகைக்குத் தக்கபடி அதில் வெட்டுப் போடுவார்கள். ஆயிரம் பவுண்டு என்றால் உள்ளங்கை கனத்துக்கு ஒரு வெட்டு, நூறு பவுண்டு என்றால் கட்டைவிரல் அகலம், இருபதுக்குச் சுண்டுவிரல், ஒரு பவுண்டுக்கு முற்றிய வாற்கோதுமை மணி அளவு. 12ஆம் நூற்றாண்டில் அந்தக் கருவூலத்தை நடத்திய ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல் இந்த அளவுகளை எழுதிவைத்திருக்கிறார். வெட்டுப் போட்டபின் குச்சியை நீளவாக்கில் பிளந்து ஆளுக்கொரு பாதியாக எடுத்துக்கொள்வார்கள். ஒருவர் தம் பாதியில் திருட்டுத்தனமாக ஒரு வெட்டைக் கூட்டினால், மறுபாதியோடு சேர்த்து வைத்ததும் பிடிபட்டுவிடுவார். எழுத்து அறியாதவரும் சரிபார்க்கக்கூடிய பத்திரம் அது.

இரண்டு பாதிகளும் சம நீளம் இல்லை. கைப்பிடியோடு இருக்கும் நீளப் பாதி ஸ்டாக்; பணம் கொடுத்தவரிடம் அது இருக்கும். குட்டைப் பாதி ஃபாயில். பணம் பெற்றவரிடம் தங்கும். ஸ்டாக் என்ற சொல் பங்குச் சந்தை வரைக்கும் போனதில் இந்தக் குச்சிக்கும் ஒரு பங்கு உண்டு என்பது சொல்லாய்வாளர் பலரின் கருத்து. வங்கியில் பணம் கட்டியதும் சலானில் ஒரு துண்டைக் கிழித்து முத்திரை குத்திக் கொடுக்கிறார்களே, கவுண்டர்ஃபாயில், அதில் இருப்பதும் அதே ஃபாயில்தான்.

அந்தக் கருவூலத்தின் பெயர் எக்ஸ்செக்கர். கட்டம் போட்ட துணியை மேசைமேல் விரித்து, காய்களை நகர்த்திக் கணக்குப் பார்த்ததால் வந்த பெயர். பழைய பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்குச் சதுரங்கப் பலகை என்று பொருள். சதுரங்கத்தில் அரசனுக்கு வைக்கும் செக், பாரசீக ஷா என்பதிலிருந்து வந்தது. ஆகவே இன்று தெருமுனைக் கடைக்காரர் 'செக் வேண்டாம், ஜிபே பண்ணுங்க' என்று சொல்லும்போது பாரசீகத்து அரசர் ஒருவரைத் திருப்பி அனுப்புகிறார்.

வேடிக்கை போகட்டும். ஸ்டாக், ஃபாயில் என்ற இரண்டு சொற்களும் ஒரு விஷயத்தைக் காட்டிக் கொடுக்கின்றன. இரண்டும் ஒரே மரத்தின் பெயர். வேறுபாடு, அது யார் கையில் இருக்கிறது என்பது மட்டுமே. பணம் பற்றிய ஆங்கிலச் சொற்களில் பெரும்பகுதி இப்படிப்பட்டது. தொகையை அவை சொல்வதில்லை. யார் யாருக்குக் கட்டுப்பட்டிருக்கிறார், எது வரைக்கும், எந்தப் பொருளைப் பிணை வைத்து என்பதைச் சொல்கின்றன. அந்தச் சொற்களைத் தமிழ்ப் பேச்சு தாராளமாக வாங்கிக்கொண்டது. வாங்கும்போது கட்டு அவிழ்ந்துவிட்டது. லோன், லீஸ், ஷூரிட்டி, டெண்டர் என்று நாள் முழுக்கப் புழங்குகிறோம். கையெழுத்துப் போடும் தாளில் அதே சொல் வேறு ஆளாக நிற்கிறது.

இந்தப் போக்குவரத்து ஒருவழிப் பாதையாக இருந்ததில்லை. கேஷ் என்ற சொல்லைப் பாருங்கள். கையிருப்பு ரொக்கத்தைக் குறிக்கும் கேஷ், பெட்டி என்று பொருள்படும் பிரெஞ்சு, இத்தாலியச் சொற்களிலிருந்து வந்தது. ஆங்கில அகராதிகளில் இன்னொரு கேஷ் தனிச் சொல்லாகவே இருக்கும்: சிறு செப்பு நாணயம் என்று பொருள். இது நம்முடைய காசு. போர்ச்சுகீசியர் வாயில் நுழைந்து ஆங்கிலத்துக்குப் போனது. பிறகு நடுவில் சதுர ஓட்டை உள்ள சீனத்து நாணயத்துக்கும் அதே பெயரை வைத்துவிட்டார்கள். 1886இல் ஹென்றி யூல், ஏ.சி. பர்னல் இருவரும் தொகுத்து வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி இந்தக் கதையை விரிவாகச் சொல்கிறது. பர்னல் சென்னை மாகாணத்தில் அதிகாரியாக இருந்தவர். காசைக் கையில் எண்ணிப் பார்த்தவர்.

சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனி எழுதிய கணக்கு 80 கேஷ் ஒரு ஃபனம், 42 ஃபனம் ஒரு பகோடா என்று ஓடியது. ஃபனம், நம் பணம். பகோடா என்று அவர்கள் சொன்னது வராகனை. 1818 வாக்கில் ரூபாய் வந்து இவற்றை ஓரங்கட்டியபோது ஒரு பகோடாவுக்கு மூன்றரை ரூபாய் என்று மதிப்புக் கட்டினார்கள். இந்தியாவுக்கு வந்து குறுக்குவழியில் செல்வம் சேர்ப்பதற்கு, பகோடா மரத்தை உலுக்குவது என்று அக்கால ஆங்கிலத்தில் ஒரு தொடரே இருந்தது. உலுக்கியவர்களுக்கு ஆங்கிலத்தில் பெயர் கிடைத்தது. உதிர்ந்தது யாருடைய மரம் என்பதற்கு அந்தத் தொடரில் இடமில்லை.

சென்னைக்கான செப்புக் காசுகளை ஒரு காலத்தில் பர்மிங்காமில் அச்சடித்துக் கப்பலில் அனுப்பினார்கள். 1809 ஜனவரியில் அட்மிரல் கார்ட்னர் என்ற கம்பெனிக் கப்பல் அப்படிப்பட்ட பத்து கேஷ், இருபது கேஷ் நாணயங்களை டன் கணக்கில் ஏற்றிக்கொண்டு கிளம்பி, இங்கிலாந்துக் கரையைத் தாண்டுவதற்குள் குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. 1980களில் முக்குளிப்போர் அவற்றை வெளியே எடுத்தார்கள். இப்போது இணையத்தில் நாணயச் சேகரிப்பாளர்களுக்கு விற்கிறார்கள். தமிழ்நாட்டுச் சந்தையில் கத்தரிக்காய் வாங்க வேண்டிய காசு, பவுண்டுக்கு விலைபோகிறது.

சொற்பிறப்புக் கதைகளில் ஒரு எச்சரிக்கை வேண்டும். சாலரி என்றால் உப்பு. ரோமானியப் படைவீரனுக்குச் சம்பளம் உப்பாகத் தரப்பட்டது என்று மேடைதோறும் சொல்கிறார்கள். சொல்லில் உப்பு இருப்பது உண்மை. வீரனுக்கு உப்பை அளந்து கூலி போட்டதாகச் சொல்லும் பழைய ரோமானிய ஆவணம் எதுவும் இல்லை. கதை நன்றாக இருப்பதாலேயே பிழைத்திருக்கிறது. மாட்டுக் கதைக்கு அந்தக் குறை இல்லை: பெக்யூனியரி என்ற சொல்லின் லத்தீன் வேர் கால்நடைதான், கேட்டில், கேப்பிடல் இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். மாடு என்றால் செல்வம் என்று திருக்குறளின் கல்வி அதிகாரத்தில் படித்தவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது.

இனி அன்றாடப் புழக்கத்துக்கு வரலாம். ஆங்கிலத்தில் பேருந்துக்குக் கொடுப்பது ஃபேர், டாக்டருக்குக் கொடுப்பது ஃபீ, சாலைக்குக் கொடுப்பது டோல், வீட்டுக்கு ரென்ட், தப்புக்கு ஃபைன். நம் ஊரில் ஃபீஸ், சார்ஜ் என்ற இரண்டே சொற்களில் பெரும்பாலும் முடித்துக்கொள்கிறோம். இதனால் யாருக்கும் நட்டம் இல்லை. இலக்கண வாத்தியார்கள் கவலைப்பட்டுக்கொள்ளட்டும். லெண்ட், பாரோ குழப்பமும் அப்படித்தான். தமிழில் கடன் என்று சொல்லிவிட்டு, கொடு, வாங்கு என்ற வினையில் திசை காட்டுகிறோம். ஆங்கிலம் திசையைச் சொல்லுக்குள்ளேயே வைத்திருக்கிறது. நூறு ரூபாய் பாரோ பண்ணு என்று ஒருவர் கேட்டால் ஆங்கிலேயர் ஒரு கணம் விழிப்பார், பிறகு புரிந்துகொள்வார். அவ்வளவுதான்.

நட்டம் வரும் இடங்கள் வேறு.

லீஸ் என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். சென்னையிலும் இன்னும் பல ஊர்களிலும் வீடு லீஸுக்கு என்றால் எல்லாருக்கும் பொருள் தெரியும்: ஐந்து லட்சமோ பத்து லட்சமோ மொத்தமாகக் கொடுக்க வேண்டும், மாத வாடகை இல்லை, காலி செய்யும்போது முழுப் பணமும் திரும்பக் கிடைக்கும். பழைய தலைமுறை இதைப் போக்கியம் என்றது, ஒத்தி என்றது. ஆங்கிலத்தில் லீஸ் என்பது இது இல்லவே இல்லை. 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தில் லீஸ் என்பது, ஒரு பிரதிபலனுக்காகச் சொத்தை அனுபவிக்கும் உரிமையைக் காலவரம்போடு கைமாற்றுவது. கொடுத்த பணத்தைத் திருப்பித் தருவது அதன் இயல்பில் கிடையாது. சொத்தை அனுபவித்துக்கொண்டிரு, அசலைத் திருப்பும்போது சொத்தைக் கொடு என்ற ஏற்பாட்டுக்கு அதே சட்டத்தில் வேறு இடம் இருக்கிறது: 58ஆம் பிரிவு, அனுபவ அடமானம். அதாவது நம் 'லீஸ்' குடித்தனக்காரர் உண்மையில் வீட்டுக்காரருக்குக் கடன் கொடுத்தவர். அவர் மார்ட்கேஜ் பக்கம் நிற்க வேண்டியவர். ஆனால் முத்திரைத்தாளில் லீஸ் அக்ரிமென்ட் என்று தலைப்புப் போட்டு, பதிவும் செய்யாமல், தம்மை வாடகைக்காரர் என்று தாமே எழுதிக் கையெழுத்திட்டுவிடுகிறார். அந்த வீட்டின் மூலப் பத்திரம் ஏற்கெனவே வங்கியில் இருந்து, வீட்டுக்காரர் தவணை கட்டாமல் வங்கி ஏலத்துக்கு வந்து நின்றால், முன்வரிசையில் நிற்பது வங்கி. பத்து லட்சம் கொடுத்தவர் பின்வரிசையில் நிற்கிறார்.

அடமானம் என்ற ஒரே சொல்லுக்குள் நாம் போட்டு வைத்திருப்பவற்றையும் ஆங்கிலம் பிரித்து வைத்திருக்கிறது. நகையை வைத்துக் கடன் வாங்கினால் பிளெட்ஜ். பொருள் கடன் கொடுத்தவர் பெட்டிக்குள் போய்விடும். வண்டிக் கடன் என்றால் ஹைப்பாதிகேஷன். வண்டி நம் வாசலில், பிடி அவர்கள் கையில். வீடு, நிலம் என்றால் மார்ட்கேஜ். வண்டிக் கடனில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. ஆர்.சி. புத்தகத்தில் ஹெச்.பி. போட்டிருக்கு, ஹெச்.பி. கேன்சல் பண்ணணும் என்று சொல்வோம். அந்த ஹெச்.பி. ஹைப்பாதிகேஷனாகவும் இருக்கலாம், ஹயர் பர்ச்சேஸாகவும் இருக்கலாம். முதலாவதில் வண்டி முதல் நாளிலிருந்தே வாங்கியவருடையது. இரண்டாவதில் கடைசித் தவணை கட்டும்வரை வண்டி நிதி நிறுவனத்தினுடையது. ஓட்டுகிறவர் வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருக்கிறார். தவணை தவறினால் நடக்கும் சண்டையில் இந்த வேறுபாடு பேசும். கடன் தீர்ந்தபின் படிவம் 35ஐ வாங்கி ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கொடுத்தால் இரண்டு ஹெச்.பி.யும் ஒரே மாதிரி நீங்கும்.

இவை எல்லாவற்றையும்விட அதிகக் குடும்பங்களை உருக்குலைத்த சொல் ஷூரிட்டி.

சும்மா ஒரு கையெழுத்துத்தானே மச்சான் என்று கேட்பார்கள். போடுகிறவர் தம்மைச் சாட்சி என்று நினைத்துக்கொள்கிறார். கடன் வாங்கியது உண்மை, நான் பார்த்தேன் என்று சொல்வது விட்னஸ். ஷூரிட்டி அல்லது கேரண்டர் என்பவர் சொல்வது, அவன் தராவிட்டால் நான் தருகிறேன். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆம் பிரிவுப்படி, ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லியிராவிட்டால், பிணை நிற்பவரின் பொறுப்பும் கடன் வாங்கியவரின் பொறுப்பும் ஒரே அளவு. முதலில் அவனிடம் போய் வசூலித்துப் பாருங்கள், கிடைக்காவிட்டால் என்னிடம் வாருங்கள் என்று சொல்லும் உரிமைகூடப் பொதுவாகக் கிடையாது. பீகார் வங்கிக்கும் தாமோதர் பிரசாத்துக்கும் நடந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது: கடனாளியைத் துரத்தி முடித்தபிறகுதான் பிணையாளியிடம் வர வேண்டும் என்றால் பிணை எதற்கு? சட்டத்தின் நியாயம் அது. மச்சானின் நியாயம் வேறு. ஜாமீன் என்ற சொல்லாவது கொஞ்சம் பயமுறுத்தியது. ஷூரிட்டி என்று சொன்னதும் அலுவலகச் சடங்கு போலாகிவிட்டது.

வட்டி விஷயத்தில் நம் பேச்சு தனிக் கணக்கு வைத்திருக்கிறது. இரண்டு வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய், ஆண்டுக்கு 24 சதவீதம். ஆங்கிலத் தாளில் எழுதும் விகிதம் ஆண்டுக்கு உரியது. இதையாவது கிராமத்துப் பாட்டிகள் உடனே பெருக்கிச் சொல்லிவிடுவார்கள். ஏமாற்றுவது ஃப்ளாட் என்ற சொல். ஒரு லட்சம் கடன், 12 சதவீத ஃப்ளாட் வட்டி, பன்னிரண்டு மாதத் தவணை என்று வையுங்கள். வட்டி 12,000. மொத்தம் 1,12,000. மாதம் 9,333 ரூபாய். பன்னிரண்டு சதவீதம்தானே, குறைவுதானே என்று தோன்றும். ஆனால் முதல் தவணை கட்டியதுமே அசலில் ஒரு பகுதி குறைந்துவிட்டது. வட்டி மட்டும் கடைசி மாதம்வரை முழு லட்சத்துக்கும் போடப்படுகிறது. குறையும் அசலுக்கு மட்டும் வட்டி போட்டால் அதே 12 சதவீதத்துக்கு ஆண்டு முழுக்க ஆகும் வட்டி ஏறக்குறைய 6,619 ரூபாய். மாதம் 9,333 ரூபாயை வைத்துப் பின்னோக்கிக் கணக்குப் போட்டால் உண்மை விகிதம் ஏறத்தாழ 21.5 சதவீதம். ஃப்ளாட் என்றால் தட்டை, சமம் என்று ஒலிக்கிறது. மேடு பள்ளம் எல்லாம் உள்ளே இருக்கிறது.

2024 அக்டோபர் முதல் தேதியிலிருந்து தரும் தனிநபர், சிறுதொழில் கடன்களுக்கு எல்லாச் செலவையும் சேர்த்த ஆண்டு விகிதத்தை, ஏ.பி.ஆர். என்று, ஒரு முக்கிய விவரத் தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. கடன் வாங்கப் போகிறவர் விளம்பரத்தில் உள்ள விகிதத்தை விட்டுவிட்டு அந்தத் தாளைக் கேட்டு வாங்க வேண்டும்.

இன்ட்ரஸ்ட் என்ற சொல்லுக்கே ஒரு குற்றப் பின்னணி உண்டு. இடைக்கால ஐரோப்பாவில் வட்டிக்குப் பெயர் யூசரி. கிறித்தவத் திருச்சபை அதைப் பாவம் என்றது. கடன் தாமதமானதால் கொடுத்தவருக்கு ஏற்பட்ட இழப்புக்கு ஈடு கேட்கலாமா என்று ஒரு சந்து கிடைத்தது. அந்த இடைவெளித் தொகைக்கு வைத்த பெயர் இன்ட்ரஸ்ட். சந்து நாளடைவில் ராஜபாட்டையானது. 1545இல் எட்டாம் ஹென்றி ஆட்சியில் இங்கிலாந்து பத்து சதவீதம்வரை அனுமதித்தது. ஏழே ஆண்டில் மீண்டும் தடை. 1571இல் எலிசபெத் காலத்தில் தடை தளர்ந்தது. யூசரி என்ற சொல் வரம்பு மீறிய வட்டிக்கு மட்டும் ஒதுங்கிக்கொண்டது. பாவம் என்று ஒதுக்கியதே வேறு பெயரில் வங்கி வாசலில் பலகையாகத் தொங்குகிறது.

வரம்பு மீறிய வட்டிக்குத் தமிழில் சொற்பஞ்சம் இல்லை. அதனால்தான் 2003இல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த அதீத வட்டித் தடைச் சட்டத்தின் ஆங்கில வாசகத்தில் கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்ற சொற்கள் அப்படியே உட்கார்ந்திருக்கின்றன. காசுக்குப் பிறகு ஆங்கிலச் சட்ட மொழிக்குத் தமிழ் கொடுத்த கொடை இது. பெருமைப்படுவதா என்று தெரியவில்லை.

மறுபக்கமும் உண்டு. ஆங்கிலம் மூன்றாக, நான்காகப் பிரித்து வைத்திருப்பதைத் தமிழ் ஒரே சொல்லில் அடைத்துவிடும் இடம் தள்ளுபடி. ஜவுளிக்கடையில் ஆடித் தள்ளுபடி, அது டிஸ்கவுண்ட். 2021 பிப்ரவரியில் அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி, 16.43 லட்சம் விவசாயிகள் கூட்டுறவு வங்கிகளில் வாங்கியிருந்த 12,110 கோடி ரூபாய் பயிர்க்கடன் தள்ளுபடி என்று அறிவித்தார், அது வெய்வர். பெருநிறுவனங்களின் வாராக்கடன்களை வங்கிகள் தள்ளுபடி செய்தன என்று செய்தி வருகிறதே, அது ரைட்-ஆஃப்.

வெய்வரில் கடன் சாகிறது. விவசாயி இனி தர வேண்டியதில்லை. அந்தத் தொகையைக் கூட்டுறவு வங்கிக்கு அரசு தர வேண்டும், அதாவது கடன் ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்குப் போகிறது. ரைட்-ஆஃப் வெறும் கணக்கேட்டுச் செயல். திரும்பாத கடனுக்காக முழுத் தொகையையும் இலாபத்திலிருந்து ஒதுக்கி வைத்துவிட்டு, இருப்புநிலைக் குறிப்பிலிருந்து அதை நீக்குகிறார்கள். கடன் வாங்கியவர் இன்னும் கடனாளிதான். வழக்கு நடக்கும், சொத்தை விற்று வசூலிக்கலாம். விவசாயிக்கு ஒரு நீதி, முதலாளிக்கு ஒரு நீதியா என்ற மேடைக் கேள்வி இந்த இரண்டையும் ஒன்றாகப் பாவிப்பதால் வலுவிழக்கிறது. அதே சமயம், ரைட்-ஆஃப் என்றால் ஒன்றுமே இல்லை, வெறும் ஏட்டு வேலை என்று வங்கித் தரப்பு சொல்லும் சமாதானமும் முழுசாக இல்லை. எழுதி நீக்கிய கடன்களில் எவ்வளவு திரும்ப வந்தது என்று அடுத்த கேள்வி கேட்க வேண்டும். சரியான கேள்வியைக் கேட்பதற்குச் சரியான சொல் தேவைப்படுகிறது. தமிழ் நாளிதழ்கள் ரைட்-ஆஃபுக்குக் கடன் நீக்கம் என்றோ ஏட்டு நீக்கம் என்றோ எழுதத் தொடங்கினால் பாதிச் சண்டை தீரும்.

வருமான வரியிலும் இதே தள்ளுபடிக் குழப்பம். எக்ஸம்ப்ஷன், டிடக்‌ஷன், ரிபேட் மூன்றும் வேறு வேறு. 2025 பட்ஜெட்டுக்குப் பின் பன்னிரண்டு லட்சம்வரை வரி இல்லை என்று எல்லாரும் சொன்னார்கள். புதிய முறையில் வரி விலக்கு வரம்பு நான்கு லட்சம்தான். அதற்கு மேல் வரி கணக்காகும். மொத்த வருமானம் பன்னிரண்டு லட்சத்தைத் தாண்டாதவர்களுக்கு அந்த வரி ரிபேட்டாகக் கழிந்துவிடும். தாண்டினால்? வரிக்குரிய வருமானம் பதின்மூன்று லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு போக மீதி ஒரு லட்சத்துக்கு 15 சதவீதம், 15,000 என்று மனக்கணக்குப் போடுகிறவர் அதிர்ந்து போவார். நான்கு லட்சத்திலிருந்து படிப்படியாகக் கணக்காகி, செஸ் நீங்கலாக, 75,000 ரூபாய் வரும். ஐந்தோ ஆறோ லட்சம் வருமானம் உள்ளவர் வரி கட்ட வேண்டியதில்லை என்றாலும் ரிட்டர்ன் தாக்கல் செய்தாக வேண்டும்.

சட்டமே தன் சொல்லைத் திருத்திக்கொண்ட சம்பவம் ஒன்று நம் ஏலச்சீட்டில் நடந்தது. இருபது பேர், மாதம் 5,000 ரூபாய், லட்ச ரூபாய்ச் சீட்டு. ஒரு மாதம் பணம் அவசரமாக வேண்டியவர் 25,000 ரூபாய் தள்ளி ஏலம் எடுக்கிறார். அவர் கையில் 75,000. தள்ளிய பணத்தில் சீட்டு நடத்துபவருக்குக் கமிஷன் 5,000 போக, மீதி 20,000ஐ இருபது பேருக்கும் பிரித்தால் ஆளுக்கு ஆயிரம். 1982ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டம் அந்த 75,000க்குப் பிரைஸ் அமௌன்ட் என்றும், ஆளுக்கு ஆயிரத்துக்கு டிவிடெண்ட் என்றும் பெயர் வைத்திருந்தது. நடத்துபவருக்கு ஃபோர்மேன், தொழிற்சாலை மேஸ்திரிக்கும் சீட்டு நடத்தும் அக்காவுக்கும் சட்டத்தில் ஒரே பட்டம்.

பிரைஸ் என்றதும் லாட்டரி நினைவு வரும். போதாக்குறைக்கு, 1978இல் பிரைஸ் சிட்டுகளைத் தடை செய்த வேறொரு சட்டம் இருக்கிறது. மோசடித் திட்டக்காரர்களும் முறையாகப் பதிவு செய்து நடத்துபவர்களும் ஒரே பெயரில் அடிபட்டார்கள். டிவிடெண்ட் என்றதும் ஏதோ தொழிலில் வந்த இலாபம் என்று தோன்றும். பக்கத்து வீட்டுக்காரர் மகள் கல்யாணத்துக்காக விட்டுக்கொடுத்த பணம் அது. 2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் டிவிடெண்டை நீக்கித் தள்ளுத்தொகையில் பங்கு என்று மாற்றியது. பிரைஸ் அமௌன்ட் நிகரச் சீட்டுத் தொகையானது. கமிஷன் உச்சவரம்பை ஐந்திலிருந்து ஏழு சதவீதமாக உயர்த்தியதும் அதே திருத்தம்தான். பெயர் நேர்மையானது, கூலியும் கூடியது. எத்தனை தள்ளிப்போச்சு என்று நம் தெருக்களில் கேட்கும் கேள்வியில் அந்த நேர்மை முன்பே இருந்தது.

தொகைச் சொற்களைப் பற்றி ஒன்று சொல்லிவிட்டு நகரலாம். பில்லியன் என்றால் நூறு கோடி. பழைய பிரிட்டிஷ் புத்தகங்களில் அதுவே லட்சம் கோடியாக இருக்கும். 1974 டிசம்பரில் பிரதமர் ஹரால்ட் வில்சன், அரசாங்கப் புள்ளிவிவரங்களில் இனி நூறு கோடியையே பில்லியன் என்று கொள்வோம் என்று நாடாளுமன்றத்தில் சொன்னபிறகுதான் பிரிட்டன் அதிகாரபூர்வமாக அமெரிக்க வழக்குக்கு வந்தது. அதற்கு முந்தைய நூல்களை மொழிபெயர்ப்போர் கவனிக்கலாம்.

கடைசியாக லீகல் டெண்டர். செல்லும் பணம் என்று மொழிபெயர்க்கிறோம். டெண்டர் என்றால் நீட்டுவது. கடனைத் தீர்ப்பதற்காக நீட்டுவது. இந்தப் பணத்தை நீட்டினால் கடன் கொடுத்தவர் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று சட்டம் சொல்லும் பணமே லீகல் டெண்டர். இங்கேயும் கடன் இருந்தால்தான் சொல்லுக்கு உயிர். அதனால்தான், கடையில் பொருள் வாங்கும்போது எந்த வகைப் பணத்தை ஏற்பது என்று கடைக்காரர் முடிவு செய்யலாம், அது லீகல் டெண்டர் சிக்கலே இல்லை என்று இங்கிலாந்து வங்கி விளக்கம் கொடுத்திருக்கிறது. டீ குடித்து முடித்தவர் கடனாளி. கடைப் படியேறிக்கொண்டிருப்பவர் இன்னும் இல்லை.

நம் ஊரில் பத்து ரூபாய் நாணயம் பட்ட பாடு எல்லாருக்கும் தெரியும். பேருந்தில் வாங்கமாட்டார்கள், மளிகைக் கடையில் வாங்கமாட்டார்கள், செல்லாது என்பார்கள். பட்டை பதினைந்து இருந்தால் போலி, பத்து இருந்தால் நல்லது என்று வதந்தி வேறு. 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி, இதுவரை வெளியான 14 வடிவங்களும் செல்லும், தயங்காமல் வாங்கிக்கொள்ளுங்கள் என்று அறிக்கை விட்டது. ஆனாலும் கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் தலையை ஆட்டினால் ஆட்டியதுதான்.

நாணயத்துக்குச் சட்டம் ஒரு வரம்பும் வைத்திருக்கிறது. 2011ஆம் ஆண்டு நாணயச் சட்டப்படி ஒரு ரூபாயும் அதற்கு மேற்பட்ட மதிப்பும் உள்ள நாணயங்கள் ஆயிரம் ரூபாய்வரைதான் லீகல் டெண்டர். ஐம்பது பைசா நாணயம் பத்து ரூபாய்வரை. அதற்கு மேல் மூட்டை கட்டிக்கொண்டு போனால் மறுக்க எதிர்த்தரப்புக்கு உரிமை உண்டு. ரூபாய் நோட்டில் இவ்வளவு தொகை தருவதாக ஆளுநர் வாக்களித்துக் கையெழுத்திட்டிருப்பார். நோட்டு அந்த அளவுக்கு ரிசர்வ் வங்கியின் கடன் சீட்டு. ஒரு ரூபாய் நோட்டில் அந்த வாக்கு இருக்காது. அதில் கையெழுத்துப் போடுபவர் நிதித்துறைச் செயலாளர். அதை வெளியிடுவது மத்திய அரசு. ரிசர்வ் வங்கிச் சட்டம் அதையும் ரூபாய் நாணயக் கணக்கிலேயே சேர்க்கிறது.